சேதாரம்

வாங்கியது இருபது கிராம் வெள்ளி.
திருப்பிக் கொடுத்தது
மோதிரம் ஒன்று, பதினொன்றே கால்.
வெட்டுத்துண்டுகள் ஆறரை.
தோல்விரிப்பிலிருந்து தூரிகையால் கூட்டிய அரப்பொடி
ஒன்று புள்ளி ஏழு.
மீதி, அரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே,
காணோம்.

பட்டறைப் பேரேட்டில் என் பெயருக்கு நேரே
சகாயராணி சிவப்பு மையில் எழுதினார்:
வ. செங்கமலம், மூன்றாம் பருவம், பொருள் எங்கே?
"திங்கக்கிழமைக்குள்ள காரணம் எழுதிக் குடு.
இல்லன்னா அகமதிப்பெண்ல அஞ்சு போயிரும்."

தஞ்சாவூர்க் கடைத்தெருவில்
சேதாரம் வாங்குகிறவர் தலையில்.
பல்கலைக்கழகத்தில் அது
செய்தவள் தலையில்.

எழுத உட்கார்ந்தேன்.

முதல் வாரம் முப்பத்தேழு வாள் ஒடித்தேன்.
தலைமுடி போல மெலிந்த வாள்,
முற்றலா பிஞ்சா என்று வெண்டைக்காய் நுனியை
ஒடித்துப் பார்க்கும் அதே சத்தம்.
ஒவ்வொன்றின் பல்லிடுக்கிலும்
கொஞ்சம் வெள்ளி இருந்திருக்கும்.
பொறுக்கிக் குப்பையில் போட்டது நான்தான்.

இரண்டாவது: நெருப்பு.
வெங்காரம் பொங்கும், அடங்கும்,
கண்ணாடியாய்ப் படியும்.
அப்புறம் ஒரே நொடி,
இணைப்பின் வழியே பளிச்சென்று
கோடு ஓடும். அப்போது சுடரை எடுக்க வேண்டும்.
நான் அது ஓடுகிற அழகைப் பார்த்துக்கொண்டு
இன்னொரு நொடி நின்றேன்.
மோதிரம் தோளைத் தொங்கவிட்டது,
பிறகு மண்டியிட்டது,
பிறகு ஒரு மணி.
மறுபடி உருக்கி, மறுபடி தட்டி, மறுபடி இழுத்து
(மறுபடி என்று எழுதுவது சுலபம்.
நான்கு நாள் ஆனது.)

மூன்றாவது: கைகழுவியது.
விடுதிக் குழாயில் நுரை சாம்பல் நிறமாகப் போனது.
அந்தச் சாக்கடை புது ஆற்றில் சேர்கிறதென்று
எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.
மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்ட மாதம்.
என் வெள்ளி இந்நேரம்
ஒரத்தநாடு தாண்டி
யாருடைய நாற்றங்காலிலோ.

ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன்.
அவர் கொள்முதல் நிலையத்தில் எடை போடுகிறவர்.
பதினேழுக்கு மேல் ஈரம் காட்டினால்
மூட்டையைத் திருப்புவார், வசவு வாங்குவார்.
இருப்பு குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
"குறைஞ்சா என்னன்னு எழுதுவீங்க?"
"காய்ச்சல்னு எழுதுவோம். நெல்லு காஞ்சா எடை இறங்கும்ல."
"வெள்ளி காயாதே."
"அப்ப எலின்னு எழுது. குருவின்னு எழுது.
உங்க பட்டறைக்குக் குருவி வராதா?"
சிரித்தபடி வைத்துவிட்டார்.
மழை வருகிறதாம், தார்ப்பாய் இழுக்கணுமாம்.

தாஹிரா கூத்தாநல்லூர்க்காரி, கணிதம் படிக்கிறாள்,
எனக்குத் தலைவாரிவிட்டவள் சட்டென்று நிறுத்தினாள்.
"அசையாத. வகிட்டுல மின்னுது."
செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தாள்.
வகிடு, புருவம், காதுமடல்,
துப்பட்டாவின் ஓரம்.
விளக்கில் பிடித்தோம்.
ஒரு விரல் நீள நாடாவில்
எண்ண முடியாத துகள்கள்.
எண்ணிப் பார்த்தாள், அவள் குணம் அது,
நூற்றுப்பத்தில் விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை அந்த நாடாவைத் தாளில் ஒட்டி நீட்டினேன்.
சகாயராணி ஒட்டாத நாடா ஒன்றை
அதே நீளத்தில் வெட்டி
இரண்டையும் தனித்தனியே தராசில் வைத்தார்.
ஒரே எண்.
கண்ணுக்குத் தெரிவது தராசுக்குத் தெரியவில்லை.

"காரணம்" என்ற கட்டம் இன்னும் காலி.
பேனாவை வாங்கி, யோசிக்காமல்,
காய்ச்சல் என்று எழுதினேன்.

கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.
"யாருக்கு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கையெழுத்துப் போட்டு
மூன்று மதிப்பெண் குறைத்தார்.

மோதிரம் என் அளவுக்குத்தான் செய்தது.
மூட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது.